காற்றைக் குறைத்துப் போகிற பாதை: பாஹா கலிபோர்னியாவில் எட்டு நாள்

முதல் நாள்: மெக்சிகாலி – சான் ஃபெலிப்பே, 195 கி.மீ., முழுவதும் தார்

மெக்சிகோவின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்கே 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் இறங்கிக் கிடக்கிறது பாஹா கலிபோர்னியா. மேற்கே பசிபிக், கிழக்கே கோர்தெஸ் கடல், நடுவில் மலையும் பாலைவனமும். 1973இல் முழுமையடைந்த 1ஆம் எண் நெடுஞ்சாலை திஹுவானாவில் தொடங்கி காபோ சான் லூகாஸ் வரை ஏறக்குறைய 1,700 கி.மீ. போகிறது. தாரை விட்டு இறங்காமலே மூன்று நாளில் தென்முனையைத் தொட்டுவிடலாம். ஆனால் இந்த நிலத்தில் மனம் நிற்கிற இடங்களில் பாதிக்கு மேல் மண்பாதையின் மறுகோடியில்தான் இருக்கின்றன. அங்கே போய்ப் படுத்து எழுந்து வரத் தேவையானதை நாள்வாரியாக எழுதுகிறோம்.

முதலில் காகிதம். மெக்சிகாலி எல்லையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குடிவரவு அலுவலகத்துக்குள் நடந்து போய்ச் சுற்றுலா அனுமதி வாங்க வேண்டும். யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள் என்பதால் பலர் அப்படியே ஓட்டிப் போய்விடுகிறார்கள். தெற்கே சோதனைச் சாவடியில் கேட்கும்போதுதான் தலைவலி. இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. தீபகற்பத்துக்குள் மட்டும் சுற்றுவதென்றால் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதியும் வேண்டாம். லா பாஸில் கப்பலேறி மறுகரைக்குப் போனால்தான் வேண்டும். காப்பீடு மட்டும் மெக்சிகோ நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டை இங்கே யாரும் ஏற்பதில்லை. விபத்து நடந்தால், நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று தீரும்வரை ஓட்டுநரையே பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. துப்பாக்கி, தோட்டா எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. இருக்கை இடுக்கில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாகூடச் சிறைக்கு வழி.

வண்டியில் ஏற்ற வேண்டியது: இரண்டு ஸ்டெப்னி, 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸர், காற்றளவு பார்க்கும் கேஜ், பஞ்சர் ஒட்டும் கயிறு ஒரு டஜன், ஜாக்கிக்கு அடியில் வைக்க 40 செ.மீ. சதுரப் பிளைவுட் பலகை, நீண்ட காம்புள்ள மண்வெட்டி, மணலில் டயருக்கு அடியில் கொடுக்கும் பிடிப்புப் பலகை இரண்டு. கம்ப்ரஸர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வகை பெரிய டயருக்குத் தாங்காது, ஃபியூஸ் போய்விடும். பேட்டரி முனையில் கவ்வும் வகைதான் வேண்டும், அதையும் இன்ஜினை ஓடவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். இரண்டு பேர் ஐந்து நாள் என்றால் 40 லிட்டர், கழுவ 10 லிட்டர், வண்டி நின்றுபோனால் கைகொடுக்க இன்னொரு 10. ஊர்தோறும் சுத்திகரித்த தண்ணீர் விற்கும் கடையுண்டு, 20 லிட்டர் கேனை நிரப்பித் தருவார்கள். ஒரே பெரிய தொட்டியில் 60 லிட்டரை ஊற்றாமல் மூன்று கேனாகப் பிரித்து வையுங்கள். குலுங்கலில் ஒன்று விரிசல் விட்டால் மற்ற இரண்டு மிஞ்சும்.

மெக்சிகாலியைத் தாண்டினால் வலப்புறம் லகூனா சலாதா, வறண்ட ஏரிப்படுகை. வெள்ளை வெளேரென்று மேசை போலத் தெரியும். ஓட்டிப் பார்க்க ஆசை வரும். உப்புத் தோலுக்கு அடியில் ஈரக் களிமண் இருக்கிறது, அச்சு வரை இறங்கிவிடும். பழைய சக்கரத் தடம் இல்லாத வெள்ளைத் தரையில் இறங்காதீர்கள்.

சாலை குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத நீளங்கள் நிறைய. பொழுது சாய்ந்ததும் மாடுகள் கதகதப்புக்காகத் தாரில் வந்து நிற்கும், படுக்கும். பாஹாவுக்குப் போகிறோம் என்றால் கொள்ளையரைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். கேட்க வேண்டியது இந்த மாடுகளைப் பற்றி. மாலை 4 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கேயே தங்க இடம் தேடத் தொடங்குங்கள்.

இரண்டாம் நாள்: சான் ஃபெலிப்பே – கொன்சாகா விரிகுடா, ஏறக்குறைய 155 கி.மீ.

கோர்தெஸ் கடலின் தலைமாட்டில் இருக்கிறது சான் ஃபெலிப்பே. புனல் போலக் குறுகும் இடமாதலால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6, 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். கடற்கரை மிகத் தட்டை. வற்றத்தில் தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது. இறுகிக் கிடக்கும் ஈரமணல் சிமெண்டுத் தரை போல அழைக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கூடாரம் அடித்தவர்களின் வண்டி ஆறு மணி நேரத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கும்.

காய்ந்த கடற்பாசியும் சிப்பியும் கோடாக ஒதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே, காலால் தோண்டினால் மணல் உலர்ந்திருக்கும் இடத்தில்தான் முகாம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய மூன்று நான்கு நாளில் அந்தக் கோடே மேலேறும். அப்போது பழைய, வெளுத்த கோட்டைத் தேடி அதற்கும் மேலே போக வேண்டும்.

வழியில் புயெர்த்தெசீத்தோஸில் கடலோரப் பாறைக் குழிகளில் வெந்நீர் ஊற்று. கடல்நீர் வந்து கலந்தால்தான் உடம்பு தாங்கும். முழு வற்றத்தில் கொதிக்கும், முழு ஏற்றத்தில் கடலோடு கடலாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் ஒவ்வொரு குழியாக இதம் மாறிக்கொண்டு போகும். ஓத அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள்.

அதற்குத் தெற்கே முன்பு நாள் முழுக்க உருட்டியெடுத்த கல்பாதை, இப்போது தார். ஆனால் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மறிக்கிற சாலை இது. 2018 அக்டோபரில் ரோசா சூறாவளியின் மிச்ச மழை பல இடங்களில் சாலையையே அறுத்துக்கொண்டு போனது. ‘வாதோ’ என்று பலகை இருந்தால் சாலை ஓடைக்குள் இறங்கி ஏறுகிறது என்று பொருள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் காலம். மலைப்பக்கம் மின்னினால் வாதோவில் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதே வழி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பயணத்துக்கு உகந்த மாதங்கள்.

கொன்சாகாவில் பெட்ரோல் பங்க் உண்டு, ஆனால் சரக்கு எப்போதும் இருக்கும் என்ற உறுதி கிடையாது. அதனால் சான் ஃபெலிப்பேயிலேயே டேங்கை நிரப்பி, 20 லிட்டர் கேனிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சைக் குழாய் 87 ஆக்டேன், சிவப்பு உயர்ரகம், கறுப்பு டீசல். போடுவதற்கு முன் மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நம்மூர்ப் பழக்கந்தான், இங்கேயும் செல்லும். பணம் பெசோவில், சில்லறையாக.

மூன்றாம் நாள்: கொன்சாகா – சாபாலா – பஹியா தெ லொஸ் ஆன்ஹெலெஸ்

சாபாலாவில் 1ஆம் எண் சாலையைத் தொட்டு, தெற்கே 50 கி.மீ. சுமார் போய், இடப்புறம் திரும்பி 66 கி.மீ. இறங்கினால் பஹியா. எல்லாம் தார். பார்க்க வேண்டியது மரங்கள்.

சிரியோ என்ற மரம் இந்தத் தீபகற்பத்தின் நடுப்பகுதியிலும், எதிர்க்கரை சொனோராவில் ஒரு சின்னத் துண்டிலும் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தலைகீழாக நட்ட முள்ளங்கி. கிட்டே போனால் வெளிறிய, வழவழப்பான தண்டு. அதிலிருந்து நாலாபுறமும் பென்சில் பருமனில் குட்டைக் குச்சிகள், குச்சியெங்கும் முள். மழை பெய்த சில நாளில் குச்சியோடு ஒட்டினாற்போல இலை துளிர்க்கும். ஈரம் போனதும் உதிர்ந்துவிடும். 15 மீட்டருக்கு மேல் வளர்ந்தவையும் உண்டு. சில மரங்கள் நுனி வளைந்து தரையைத் தொடுகின்றன. தேவாலய மெழுகுவத்தி போலிருக்கிறது என்று ஸ்பானியர் வைத்த பெயர்தான் சிரியோ.

பக்கத்திலேயே கார்தோன், ராட்சசக் கள்ளி. சோயா என்ற கள்ளி உருவில் சின்னது, தொல்லையில் பெரியது. அதன் கணு லேசாக உரசினாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும், முள்ளுக்குப் பின்பக்கமாகக் கொக்கியுண்டு. கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். பல் அகன்ற சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் இடையே விட்டு, ஒரே வீச்சில் வெளிப்புறமாகத் தட்ட வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. சீப்பு முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும்.

இங்கே மெஸ்கீத்தே என்று சொல்லும் மரத்தைப் பார்த்தால் ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும். சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அதே காய், அதே முள், அதே நின்று எரியும் கங்கு. விறகை ஊரில் கட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட நிலம் இது. பட்டுப்போன சிரியோவையும் கார்தோனையும் அடுப்புக்கு ஒடிக்கக் கூடாது. அவை மறுபடி அந்த உயரம் வர நம் ஆயுள் போதாது.

நான்காம் நாள்: பஹியா – சான் போர்ஹா – ரொசாரித்தோ – கெரேரோ நெக்ரோ

இன்றுதான் முழு மண்பாதை. பஹியா சாலையிலிருந்து பிரிந்து சான் போர்ஹா வரை ஏறக்குறைய 35 கி.மீ., அங்கிருந்து மேற்கே ரொசாரித்தோ வரை இன்னொரு 35. மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, ஐந்து என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

தாரை விட்டு இறங்கியதும் முதல் வேலை காற்றைக் குறைப்பது. தாரில் 35 பிஎஸ்ஐ வைத்திருந்தால் கல்பாதைக்கு 22 முதல் 25, வரிப்பாதைக்கு 20, மணலுக்கு 15. காற்று குறையும்போது டயர் தரையில் பதியும் தடம் நீளமாகிறது. எடை பரந்து விழுவதால் மணலில் புதையாது. கூரான கல்லைக் குத்துவதற்குப் பதில் அதன்மேல் மடிந்து ஏறி இறங்கும். 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஓடிய டயரின் சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

வரிப்பாதை என்றால் தகரக் கொட்டகையின் கூரை போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த பாதை. 50, 60 கி.மீ. வேகத்தில் போனால் மேட்டுக்கு மேடு தாவி, மிதப்பது போலச் சுகமாக இருக்கும். அந்த வேகத்தில் டயர் பாதி நேரம் தரையைத் தொடுவதில்லை. பிரேக்கும் பிடிக்காது, திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கும். மெதுவாகப் போனால் பல் ஆடும். காற்றைக் குறைத்து 30இல் போவதுதான் நடுவழி. ஷாக் அப்சார்பர் இங்கேதான் சாகிறது: நிற்காமல் ஆடுவதில் உள்ளே எண்ணெய் கொதித்து நுரைத்து, சீல் கிழிந்து ஒழுகும். அரை மணிக்கொரு தரம் நிறுத்தி ஷாக்கின் அருகே கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் பத்து நிமிடம் ஓய்வு. அப்படியே மேல்கேரியர் நட்டுகள், பேட்டரிப் பட்டை, நம்பர் பிளேட் திருகு எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

பஞ்சர் வந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே சரிசெய்ய முடியும், ஓட்டை தரையில் படும் பகுதியில் இருந்தால். முள்ளையோ ஆணியையோ பிடுங்குவதற்கு முன் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்; பிடுங்கியபின் ஓட்டையைத் தேடுவது சிரமம். அரத்தூசியை, ஆணி போன அதே சாய்வில் உள்ளே விட்டுப் பத்துப் பன்னிரண்டு தரம் குத்தி இழுக்க வேண்டும். இரக்கப்பட்டு மூன்று தரத்தோடு விட்டால் கயிறு உள்ளே போகாது. கயிற்றை ஊசிக் காதில் நடுவாகக் கோத்து, பசை தடவி, முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவுங்கள். முனையை நறுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கச் சுவர் கிழிந்தால் கயிறு உதவாது; ஸ்டெப்னிதான். அடுத்த ஊரில் ‘யாந்தேரா’ இருக்கும். வாசலில் பழைய டயரில் பெயர் எழுதி நட்டு வைத்திருப்பார்கள், நம்மூர்ப் பஞ்சர் கடையேதான்.

சான் போர்ஹா மிஷன், அதாவது கிறித்தவ மதப்பரப்பு நிலையம், 1762இல் யேசு சபையினர் தொடங்கியது. அவர்கள் நாடுகடத்தப்பட்டபின், இப்போது நிற்கும் கல் தேவாலயத்தை தொமினிக்கன் துறவிகள் 1801இல் முடித்தார்கள். பின்னால் பழைய மண்சுவர்களின் மிச்சம். இத்தனை ஆளரவமற்ற இடத்தில் இவ்வளவு செதுக்கிய கல்லா என்று நின்றுவிடத் தோன்றும். நில்லுங்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாவியை வைத்திருக்கும் குடும்பம் பக்கத்திலேயே வசிக்கிறது. காணிக்கையைக் கையில் கொடுங்கள்.

ரொசாரித்தோவில் தாரைத் தொட்டதும் வண்டியை நிறுத்திக் காற்றை ஏற்ற வேண்டும். ‘கெரேரோ நெக்ரோ 75 கிலோமீட்டர்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று 18 பிஎஸ்ஐயில் 90இல் ஓட்டினால், டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே நூல் அறுந்துவிடும். வெடிப்பது அடுத்த வாரமாகக்கூட இருக்கலாம்.

28ஆம் அட்சரேகையில் மாநிலம் மாறுகிறது. வண்டிக்கு அடியில் பூச்சிமருந்து தெளிப்பார்கள், பழங்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆரஞ்சையும் எலுமிச்சையையும் அதற்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள்: சான் இக்னாசியோ, லகூன் பாதை

142 கி.மீ. வறண்ட சமவெளிக்குப்பின் திடீரென்று பேரீச்சந்தோப்பும் தண்ணீரும். மிஷன் தேவாலயம் 1786இல் முடிந்தது. எரிமலைக் கல்லில் ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான சுவர், உள்ளே நண்பகலிலும் குளுமை.

ஊரிலிருந்து தென்மேற்கே 60 கி.மீ. போனால் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டி போடும் உப்பங்கழி. பெரும்பகுதி தார், கடைசிப் பகுதி வரிப்பாதையும் உப்புத்தரையும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வந்தால் நிச்சயம் பார்க்கலாம். அனுமதி பெற்ற உள்ளூர்ப் படகில் மட்டுமே போக முடியும். சொந்தக் கயாக்கை இறக்கக் கூடாது. காலைப் படகைக் கேட்டு வாங்குங்கள், பிற்பகலில் பசிபிக் காற்று எழுந்து உடம்பெல்லாம் நனைந்துவிடும். தாய்த் திமிங்கிலம் தானாகவே குட்டியைப் படகுப் பக்கம் கொண்டு வருவது இங்கே வழக்கம். தோலில் ஒட்டிய சிப்பிக் கொத்தின் சொரசொரப்பு வரை கண்ணுக்குத் தெரியும்.

ஆறாம் நாள்: சாந்தா ரோசாலியா, முலெஹே

தார்தான். செம்புச் சுரங்கத்துக்காக 1880களில் பிரெஞ்சுக் கம்பெனி கட்டிய ஊர் சாந்தா ரோசாலியா. மர வீடுகளும் இரும்புத் தேவாலயமும் உண்டு. ஊருக்கு முன் மலையிறக்கம் செங்குத்து. இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தீய்ந்த வாடை வரும். முன்னால் போகும் லாரி இடப்பக்க விளக்கைச் சிமிட்டினால் ‘முந்திக்கொள்’ என்று பொருள். இடப்புறம் திரும்பப் போகிறேன் என்பதற்கும் அதே விளக்குத்தான். ஆகவே இடப்பக்கம் பாதை பிரியவில்லை என்று கண்ணால் பார்த்தபின்பே முந்துங்கள்.

ஏழாம் நாள்: கொன்செப்சியோன் விரிகுடா

முலெஹேக்குத் தெற்கே 22 கிலோமீட்டரில் தொடங்கி வரிசையாகக் கடற்கரைகள்: சாந்திஸ்பாக், எல் பூரோ, எல் கொயோத்தே, எல் ரெக்கெசோன். ஓலைப்பந்தல் நிழலுண்டு, குடிநீர் கிடையாது. மாலையில் ஒருவர் வந்து கட்டணம் வாங்கிக்கொள்வார்.

குளிர்காலத்தில் அமெரிக்க உள்நாட்டில் காற்றழுத்தம் உயர்ந்தால் இங்கே வாடைக்காற்று எழும். ஒருமுறை பிடித்தால் மூன்று நாளுக்குக் குறையாமல் அடிக்கும், கூடாரக் கம்பியை முறிக்கும். வடக்கே திறந்த கடற்கரையை விட்டு, குன்றின் தென்புறத்தை ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். மணலில் ஆணி நிற்காது. துணிப்பையில் மூன்று நான்கு கிலோ மணலை அள்ளி, வாயைக் கயிற்றால் கட்டி, முழங்கையாழத்துக்குக் குழி தோண்டிக் கிடைமட்டமாகப் புதைத்து மிதித்துவிடுங்கள். கயிறு அறுந்தாலும் பை வராது.

ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அதிர்வுக்கு விலகிப் போகும், மிதித்தால்தான் கொட்டும். கொட்டிவிட்டால் தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 43 டிகிரி வெந்நீரில், காலை ஒரு மணி நேரம் வைத்திருங்கள். சூட்டில் விஷத்தின் கடுப்பு இறங்கும். முள் ஆழமாகப் போயிருந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ நேராக மருத்துவமனை.

பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசலாம். அந்தத் தண்ணீரைத் திறந்து வைத்தால் தேனீக்கள் மொய்க்கும், மூடிவிடுங்கள். செருப்பை வெளியே விட்டால் கொயோத்தே நரி தூக்கிப் போய்விடும், ஷூவை உள்ளே வைத்தாலும் காலையில் தேளுக்காக உதறிப் போடுங்கள். மலம் கழிக்கக் கடலிலிருந்து தள்ளி ஒரு சாண் ஆழக் குழி. காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டித் திருப்பி எடுத்து வாருங்கள். மழையில்லாத மண்ணில் அது மக்குவதே இல்லை, அடுத்த காற்றில் வெளியே வந்துவிடும். இந்தக் கடற்கரைகளை இப்படிக் கெடுத்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எட்டாம் நாள்: லொரேத்தோ

1697 அக்டோபரில் தீபகற்பத்தின் முதல் நிலையான மிஷன் அமைந்த ஊர். மேற்கே மலையேறினால் 35 கிலோமீட்டரில் சான் ஹாவியெர், தேவாலயம் 1758இல் முடிந்தது. இப்போது தார் போட்டுவிட்டார்கள், ஆனாலும் ஓடைக் கடவுகளில் மழைக்குப்பின் கல் கிடக்கும்.

திரும்பும் முன் லொரேத்தோவிலேயே வண்டியைக் கழுவிவிட வேண்டும். மேலே பளபளப்பு முக்கியமில்லை, அடிப்பாகத்தில் உயர்அழுத்தத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். சேஸியின் உள்துளைகள், பிரேக் குழாய்கள், ஸ்பிரிங் இடுக்கு. உப்பங்கழிச் சேறு அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும், ஒரு மாதம் விட்டால் துரு பிடிக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, கூலண்ட் அளவைப் பார்த்து, சக்கர நட்டுகளை ஸ்பானரால் ஒருமுறை முறுக்கி, நான்கு டயரிலும் 35 ஏற்றுங்கள். வடக்கே போகையில் கெரேரோ நெக்ரோ பகுதியில் டேங்க் நிறைந்திருக்க வேண்டும். 1ஆம் எண் சாலையில் அங்கிருந்து எல் ரொசாரியோ வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நம்பத்தக்க பங்க் கிடையாது. இடையில் கத்தவீஞ்யாவில் பீப்பாயிலிருந்து ஊற்றுவார்கள்; அதை அவசரத்துக்கு மட்டும், மெல்லிய துணி கட்டிய புனல் வழியாக.